தண்ணி குடிக்க எதுக்குத் தைரியம்?

தைரியம் ஒரு நல்ல குணம் என்று சின்ன வயதிலிருந்தே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். குணம் என்றால் அது அவனவன் நெஞ்சுக்குள் இருக்க வேண்டிய பொருள். இருக்கிறவன் வீரன். இல்லாதவன் கோழை. கோழை அடிபடுகிறான், அடிபடுவதற்கு அவனே பொறுப்பு. ரொம்ப சுலபமான கணக்கு. சுலபமாக இருப்பதால்தான் நம்மை அடிக்கிறவர்களுக்கும் அது பிடித்திருக்கிறது, நம்மிடம் பரிவு காட்டுகிறவர்களுக்கும் பிடித்திருக்கிறது. "இத்தன காலம் ஏன் பொறுத்துக்கிட்டிருந்தீங்க? திருப்பி ஒரு அடி அடிச்சிருந்தா அடங்கியிருப்பானுங்களே?" என்று நம்மிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் நல்லவர்கள். அக்கறையோடுதான் கேட்கிறார்கள். அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் ஆழமாகக் குத்துகிறது.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் இதை எழுதவில்லை. இந்தக் கேள்வி எந்த இடத்தில் நின்றுகொண்டு கேட்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். தைரியம், வளர்ச்சி, வாழ்க்கையின் அர்த்தம் என்று மூன்று பெரிய வார்த்தைகளை வைத்துக்கொண்டு மேடைகளிலும் புத்தகங்களிலும் பேசுகிறார்கள். சேரியில் நின்று பார்த்தால் இந்த மூன்றுக்கும் என்ன பொருள்?

தொண்ணூறுகளின் நடுவில் தன்னம்பிக்கைப் பேச்சு பெரிய வியாபாரமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு ஆதிதிராவிடர் நல விடுதி ஆண்டு விழாவுக்கு அப்படி ஒரு பேச்சாளரைக் கூட்டி வந்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். "உங்களைக் கட்டியிருக்கிற விலங்கு உங்கள் மனதில்தான் இருக்கிறது, நினைத்தால் இந்த நிமிஷமே உடைக்கலாம்" என்று ஒரு மணி நேரம் பேசினார். பையன்கள் கை தட்டினார்கள். கடைசியில் யாராவது கேள்வி கேட்கலாம் என்றார். பத்தாவது படிக்கிற பையன் ஒருவன் எழுந்து, "சார், எங்க ஊர்ல குடித்தெரு வழியா சைக்கிள்ல போனா எறக்கி வுட்டுடுறாங்க. தன்னம்பிக்கையோட ஓட்டிக்கினு போனா எறக்க மாட்டாங்களா சார்?" என்று கேட்டான். கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பேச்சாளர் சிரித்தார். நன்றாகப் படி தம்பி, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பையனின் கேள்வியில் ஒரு தத்துவம் இருக்கிறது. விலங்கு மனதில் இருந்தால் மனதை மாற்றலாம். தெருமுனையில் நாலு பேர் நிற்கும்போது அதை மனதில் இருப்பதாகச் சொல்வது, அந்த நாலு பேரையும் மறைத்து வைக்கிற வேலை. தைரியத்தை முழுக்க முழுக்க நெஞ்சுக்குள் தள்ளிவிட்டால் வெளியே நிற்கிற யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

தைரியம் நெஞ்சுக்குள் இல்லை என்றால் வேறு எங்கே இருக்கிறது? எனக்குத் தெரிந்த வரைக்கும் அதன் முதல் இருப்பிடம் அரிசிப் பானை.

தென்னார்க்காட்டில் எங்கள் தெருவில், ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் நம் ஆட்கள்தான் போய் மோளம் அடிக்க வேண்டும். குழி வெட்ட வேண்டும். செத்த மாட்டைத் தூக்க வேண்டும். கூலி என்று பேசிக்கொள்வதில்லை. கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியது. இதை நிறுத்த வேண்டும் என்ற பேச்சு என் தாத்தா காலத்திலேயே வந்துவிட்டது. எல். இளையபெருமாள் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் சாவுமோளம் அடிக்காதீங்க, செத்த மாடு தூக்காதீங்க என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. தாத்தா அதைக் கேட்டவர். கேட்டும் அடித்துக்கொண்டுதான் இருந்தார். நிறுத்தியது என் அப்பா தலைமுறை, எழுபதுகளின் கடைசியில். அப்பா தைரியசாலி, தாத்தா கோழை என்று நினைத்துக்கொள்வது சுலபம். இதை நான் ஆயாவிடம் ஒரு நாள் கேட்டேன். அவள் வெற்றிலை இடித்துக்கொண்டே சொன்னாள்: "ஒங்க தாத்தனுக்கும் ரோசம் இருந்துச்சிடா. ரோசத்த ஒலையில போட்டா வேவுமா?"

தாத்தா காலத்தில் எங்கள் தெருவில் எரிந்த அத்தனை அடுப்பும் ஊர்க்காரர்களின் நிலத்தை நம்பி எரிந்தவை. அப்பா காலத்தில் பதினைந்து இருபது குடும்பம் கரும்பு வெட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தது. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஆறு மாதம் வெளியே போய்விடுவார்கள். அதிலும் சுரண்டல்தான். ஆனாலும் அந்தக் காசு ஊர் ஆண்டையின் கையிலிருந்து வராத காசு. அது வந்த பிறகுதான் மோளம் சுவரில் தொங்கியது. சும்மா இருந்துவிடுவார்களா? ஊர்க்கட்டுப்பாடு போட்டார்கள். நாலு மாதம் வேலை இல்லை, கடையில் சாமான் இல்லை, வரப்பில் புல் அறுக்கக் கூடாது, ஊர் நிலத்தில் கால் வைக்கக் கூடாது. கால் வைக்கக் கூடாது என்றால் பொம்பளைகள் ஒதுங்கவும் கூடாது என்று அர்த்தம். விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, தார் ரோட்டு ஓரத்துக்குக் கும்பலாகப் போய் வந்தார்கள். லாரி வெளிச்சம் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். "மோளத்த வுட்டது ஆம்பளைங்க. அந்த நாலு மாசத்த தாங்கனது யாருன்னு கேளு" என்பாள் ஆயா. போராட்டத்தைப் பற்றிப் பேசும்போது நாங்கள் மோளத்தைத்தான் சொல்கிறோம். அந்த ரோட்டு ஓரத்தைச் சொல்வதில்லை.

ஆக எல்லாம் பொருளாதாரம்தான் என்று மார்க்சியத் தோழர்கள் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். பானை நிறைந்தும் வாய் திறக்காதவர்கள் நம்மில் நிறைய. அரிசி இருந்தால் தைரியம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நெலம் வேற, வெளைச்சல் வேற. நிலம் இல்லாமல் விளைச்சல் கேட்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். விளைவதற்கு இன்னொன்றும் வேண்டும். நான் விழுந்தால் என் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு வாய் சோறு கிடைக்கும் என்ற நம்பிக்கை. விடியற்காலை மூணு மணிக்கு நீட்டினால் பிடிக்க இன்னொரு கை.

இது ஒரே மனிதனின் வாழ்க்கையில் எப்படி வேலை செய்தது என்று பார்க்க, அம்பேத்கரின் இரண்டு நாட்களை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் பரோடாவில். 1917ல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, தன்னைப் படிக்க வைத்த பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க வருகிறார். தங்க இடம் இல்லை. இந்து விடுதியில் சேர்க்க மாட்டார்கள். ஒரு பார்சி விடுதியில், பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிவிட்டுத் தங்குகிறார். பதினோராவது நாள் காலையில் பன்னிரண்டு பார்சிகள் தடியோடு வந்து அறை வாசலில் நிற்கிறார்கள். யார் நீ, எங்கள் இடத்தைத் தீட்டாக்க உனக்கு என்ன துணிச்சல் என்கிறார்கள். அவர் எதிர்த்துப் பேசவில்லை. இன்னும் ஒரு வாரம் தங்க விடுங்கள் என்று கெஞ்சுகிறார். சாயங்காலத்துக்குள் காலி செய் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இரண்டு நண்பர்களிடம் போய்க் கேட்கிறார். ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர். இரண்டு பேரும் கையை விரித்துவிட்டார்கள். பம்பாய் ரயில் ராத்திரிக்குத்தான். அதுவரை ஒரு பூங்காவில் உட்கார்ந்து அம்மாவையும் அப்பாவையும் நினைத்துக்கொண்டிருந்ததாக அவரே தன் கைப்பட எழுதிய நினைவுக் குறிப்பில் சொல்கிறார்.

இரண்டாவது நாள் 1927 மார்ச் 20. மகாத் நகரத்தின் சவுதார் குளம். ஆயிரக்கணக்கான மக்கள் பின்னால் வர அம்பேத்கர் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடிக்கிறார். மற்றவர்களும் குடிக்கிறார்கள்.

பரோடாவில் பெயரை மாற்றிச் சொன்னவரும் மகாத்தில் தண்ணீர் அள்ளியவரும் ஒரே ஆள். பத்து வருஷத்தில் நெஞ்சு மாறிவிட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. பரோடாவில் அவர் ஒற்றை ஆள். மகாத்துக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருந்தது என்று பாருங்கள். பொதுக் குளங்களைத் தீண்டப்படாதவர்களுக்கும் திறக்க வேண்டும் என்று 1923ல் பம்பாய் சட்டமன்றத்தில் போலே கொண்டு வந்த தீர்மானம் இருந்தது. 1924ல் மகாத் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டிருந்தது. அதே வருஷம் அம்பேத்கர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை இருந்தது. அந்தப் பகுதியிலேயே பிறந்து, மாநாட்டுக்காக ஓடி ஓடி வேலை செய்த ஆர்.பி. மோரே இருந்தார். ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிற மகர்கள் கிராமங்களில் இருந்தார்கள். ஊர் ஆண்டையின் நெல்லை நம்பாத ஓய்வூதியம் அது. எங்கள் தெருவின் கரும்பு வெட்டுக் காசு மாதிரி. இத்தனையும் சேர்ந்துதான் அந்த ஒரு கை தண்ணீர்.

குடித்த பிறகு அடி விழுந்தது. கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளப்பி மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கினார்கள். குளத்தில் பால், தயிர், சாணம், கோமியம் எல்லாம் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். டிசம்பரில் மறுபடி கூடியபோது நீதிமன்றத் தடை இருந்தது. குளத்துக்குப் போயே தீருவோம் என்று கொதித்த மக்களை அம்பேத்கரே நிறுத்தினார். குளத்துக்குப் போகவில்லை. டிசம்பர் 25ல் மனுஸ்மிருதியை எரித்தார்கள். வழக்கு முடிந்து பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது 1937ல். ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து வருஷம். இறங்கியதும் தைரியம். இன்றைக்கு இறங்க வேண்டாம் என்று தன் மக்களிடமே சொல்ல முடிந்ததும் தைரியம்தான். கொதிக்கிற கூட்டத்திடம் பொறு என்று சொல்ல நெஞ்சு மட்டும் போதாது. அந்தக் கூட்டம் தன்னை நம்புகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். நிலமும் இல்லாமல், பானையும் நிறையாமல் எழுந்து நின்றவர்கள் இல்லையா? வெண்மணி என்ன? உண்மைதான். கீழ்வெண்மணியில் இருந்தவர்கள் அன்றாடக் கூலிகள். அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள், சங்கத்தை விட மறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி, 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். நிலச்சுவான்தார்களை 1973ல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்த மக்களுக்கு இருந்த ஒரே சொத்து சங்கம், அதாவது ஒருவருக்கொருவர். அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததுதான் அவர்கள் செய்த குற்றம். கணக்குப் போடாமல் நின்ற முட்டாள்கள் இல்லை அவர்கள். கணக்கு தெரிந்தே நின்றவர்கள். அந்தத் தைரியத்துக்கு முன்னால் நான் தலை குனிகிறேன். ஆனால் அந்தத் தைரியத்தை எல்லாரிடமும் எதிர்பார்க்கிற உரிமை எனக்குக் கிடையாது. தீயில் நின்றவர்களைக் காட்டி, உனக்கு ஏன் அந்தத் துணிவு இல்லை என்று இன்னொரு கூலிக்காரனைக் கேட்பது, தீ வைத்தவனுக்குச் செய்கிற உதவி.

மேலவளவு முருகேசனையும் இப்படித்தான் வீரர் என்று சொல்லி மறந்துவிடப் பார்க்கிறார்கள். 1996ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி. தேர்தலே நடத்த விடாமல் தடுத்தார்கள். கடைசியில் போலீஸ் காவலோடு நடந்து அவர் தலைவரானார். மிரட்டல் இருக்கிறது, பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டவர் அவர். 1997 ஜூன் 30ல், கலெக்டர் அலுவலகம் போய்த் திரும்பும்போது பட்டப்பகலில் பேருந்தை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டினார்கள். அவர் பயமே இல்லாதவர் என்று சிலை வைக்கலாம். அது பொய். பயம் இருந்ததால்தான் பாதுகாப்புக் கேட்டார். பயத்தோடுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். வீரம் என்ற மாலையைப் போட்டுவிட்டால், கேட்ட பாதுகாப்பு எங்கே போனது என்ற கேள்வி மாலைக்கடியில் போய்விடுகிறது. செத்த பிறகு நம் தைரியத்தைப் பாராட்டுகிறவர்கள், இருக்கும்போது நம் பயத்தைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

இனி வளர்ச்சிக்கு வருகிறேன். படித்து வேலைக்குப் போனவனை "முன்னேறிட்டான்" என்கிறார்கள். யாருக்கு முன்னே, எதன் மேலே ஏறினான் என்று கேட்பதில்லை. எனக்கு அரசாங்கச் சம்பளம் வந்த பிறகு, எண்பதுகளின் கடைசியில், ஒரு நகரத்தில் வாடகைக்கு வீடு தேடினோம். வீட்டுக்காரம்மா காபி கொடுத்துவிட்டு, "நீங்க எந்தப் பக்கம்?" என்றார். ஊர்ப் பெயர் சொன்னேன். "அது இல்ல, நீங்க என்ன ஆளுங்க?" என்றார். என் மனைவி முந்திக்கொண்டு, "நாங்க எஸ்.சி.ங்க, பறையருங்க" என்றாள். குரலில் ஒரு ஏற்ற இறக்கம் இல்லை, கத்தரிக்கா என்ன விலை என்று சொல்வது மாதிரி சொன்னாள். மகள் குடும்பம் வந்தாலும் வரும், வீட்டை வெள்ளையடிக்கணும் என்று அந்தம்மா ஏதேதோ சொன்னார். அடுத்த இரண்டு வீட்டிலும் இதே வெள்ளையடிப்பு. நாலாவதாக ஒரு முஸ்லிம் பெரியவர், வாடகை தேதிக்கு வந்துடணும் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

என் மனைவியின் தைரியம் பெரிது. அதில் எனக்குப் பெருமை. ஆனால் அந்தத் தைரியத்துக்குக் கீழே மாதம் முதல் தேதி வருகிற சம்பளம் இருந்தது. வீடு கிடைக்காவிட்டால் ஒரு மாதம் அலையலாம், அவ்வளவுதான். அதே நகரத்தில் கட்டட வேலைக்கு வந்த நம் பையன் ஒருவன், கூட வேலை பார்க்கிறவர்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தான். வேறு சாதி சொல்லியிருந்தான். "சொல்லிட்டா சட்டிய தனியா வெப்பானுங்கண்ணே. சட்டி தனியாப் போனா வேலையும் தனியாப் போயிடும்" என்றான். அவன் கோழையா? பரோடா விடுதிப் பதிவேட்டில் பார்சிப் பெயர் எழுதியவர் கோழை என்றால் இவனும் கோழை.

1893ல் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் 'பறையன்'. சொல்லக் கூசிய பெயரைத் தலைப்பாக அச்சடித்தார். என் மனைவி வீட்டுக்காரம்மாவிடம் சாதாரணமாகச் சொன்ன வார்த்தைக்குப் பின்னால் அந்த அச்சு எழுத்துகள் இருந்தன என்று எனக்குத் தோன்றும். அவள் அந்தப் பத்திரிகையைப் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. அவரே 1924ல் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் எல்லாருக்கும் உரிமை என்று தீர்மானம் கொண்டு வந்தார். தெருவில் நடக்கத் தீர்மானம்! உலகத்தில் வேறு ஜனங்கள் தெருவில் நடப்பதற்குக் கால் போதும்.

இங்கேதான் என் மனதில் இருப்பது தெளிவாகிறது. நம்மிடம் எதற்கெல்லாம் தைரியம் கேட்கப்படுகிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். தண்ணீர் குடிக்க. சைக்கிள் ஓட்ட. செருப்புப் போட. டீக்கடையில் அதே கிளாஸில் டீ கேட்க. பெயர் சொல்ல. ஒதுங்க. நாற்காலியில் உட்கார. பிடித்தவளைக் கட்டிக்கொள்ள. மற்றவர்கள் யோசிக்காமல் செய்கிற காரியம் ஒவ்வொன்றுக்கும் நமக்கு மட்டும் வீரம் வேண்டியிருக்கிறது. கடலைத் தாண்டவும் மலை ஏறவும் செலவழிக்க வேண்டிய தைரியத்தை நம் ஜனம் ஒரு சொம்புத் தண்ணீருக்குச் செலவழித்துத் தீர்த்திருக்கிறது. இதைப் பார்த்து நம்மை வீரர்கள் என்று புகழ்கிற சமூகம், முதலில் வெட்கப்பட வேண்டும்.

அப்படியானால் வாழ்க்கைக்கு அர்த்தம் எது? தாத்தா மோளத்தை விட்டிருந்தால் விலை உயிராகக்கூட இருந்திருக்கும். அப்பா விட்டபோது விலை நாலு மாதப் பட்டினி. நாங்கள் பெயர் சொன்னபோது விலை மூணு வீடு. இந்த விலை தானாக இறங்கவில்லை. யார் யாரோ கொடுத்து இறக்கினார்கள். ஒரு மனிதன் எவ்வளவு உயரம் போனான் என்பதை நான் வளர்ச்சி என்று எண்ணவில்லை. தனக்குப் பின்னால் வருகிறவர் கொடுக்க வேண்டிய விலையை அவன் எவ்வளவு குறைத்தான் என்பதே அளவு. சேரியில் ஒரு பிள்ளைக்குப் பரீட்சைப் பணம் கட்டுகிறவளும் குறைக்கிறாள். வழக்குக்குச் சாட்சி சொன்னவனுக்கு வேலை தேடிக் கொடுக்கிறவனும் குறைக்கிறான். சாட்சி சொல்லு, தைரியமா இரு என்று உபதேசம் மட்டும் செய்கிறவன் குறைப்பதில்லை.

விலை எல்லா இடத்திலும் இறங்கிவிடவும் இல்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கரை நடுத்தெருவில் வெட்டியபோது, பிடித்தவளைக் கட்டிக்கொள்வதற்கு விலை உயிர்தான் என்று மறுபடி சொன்னார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் குடியிருப்பின் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலானது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. மகாத்துக்குப் பிறகு தொண்ணூறு வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது. இன்னும் நம் பிள்ளைகள் குழாயைத் திறக்கும்போது ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அதனால் "தைரியமா இரு" என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு முன்னால், நாம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். அது தைரியமாக இருப்பதற்கு வேண்டிய அரிசியையும் ஆளையும் நாம் சேர்த்து வைத்திருக்கிறோமா? அது விழுந்தால் பிடிக்க எத்தனை கை நீளும்? இதுக்குப் பதில் இருந்தா சொல்லலாம். இல்லன்னா மொதல்ல கையச் சேக்கணும்.

என்றைக்கோ ஒரு நாள் நம் தெருவில் ஒரு பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைத் திண்ணையில் போட்டுவிட்டு, எந்தக் குழாயிலோ தண்ணி புடிச்சிக் குடிப்பாள். அது ஒரு தைரியமான காரியம் என்று அவளுக்குத் தோன்றவே கூடாது. நாம இப்படியெல்லாம் எழுதினோம், அடிபட்டோம் என்பதுகூட அவளுக்குத் தெரியாமல் போகட்டும். அதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை.